கடை முன்னாடி நாலு அடி

இந்தப் பையக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? கீழ வெச்சா மனு கசங்கிப்போயிருமுங்க. இல்ல, வேண்டாம், நானே வெச்சுக்கறேன். நீங்க சன்னலோரமே உக்காருங்க, பரவால்லீங்க.

ஈரோட்டுக்குத்தானுங்க. கலெக்டர் ஆபீசுக்கு. இன்னைக்குத் திங்கக்கிழமையாச்சுங்களே, மனு வாங்கற நாளு. நான் பஸ்ஸேறிப் பல வருசமாச்சுங்க. காரு இருக்குது. இருக்குது, எடுக்க முடியாத நெலமையில நிக்குது. அதையும் சொல்றேன். நீங்க மூணாம் மனுசன், கேட்டுப்போட்டு ஒரு ஞாயம் சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. நொச்சிக்காட்டுப் பிரிவு வந்து நாச்சிமுத்து டிரேடர்ஸ்னு கேட்டா சின்னக் கொழந்தையும் கை காட்டுமுங்க. சிமெண்டு, கம்பி, செங்கல்லு, ஜல்லி, மணலு, எல்லாம் நம்மகிட்டத்தான். நம்ம கடையத் தாண்டி நாலாவது கட்டடம் கவர்மெண்டு மேல்நிலைப் பள்ளிக்கூடம். எட்டு ஊருப் புள்ளைங்க வந்து படிக்குதுங்க. பாதிப் புள்ளைங்க நடை, பாதிப் புள்ளைங்க சைக்கிளு. காலையிலயும் சாயங்காலமும் அம்புட்டும் நம்ம கடை வாசலத் தாண்டித்தான் போகோணும்.

நான் புள்ளைங்களுக்கு எதிரி இல்லீங்க. அத மொதல்லயே சொல்லிப்போடறேன். ஊருக்குள்ள இப்ப அப்படித்தான் பேசிக்கறாங்க. எனக்கு வவுறு எரியுதுங்க. புள்ளைங்களுக்கு நான் செஞ்ச மாதிரி அந்தப் பிரிவுல எவன் செஞ்சிருக்கறான்? "பள்ளிக்கூடம் உள்ளது, மெதுவாகச் செல்லவும்"னு ஆளுயரத்துக்கு போர்டு வெச்சுக் குடுத்தது நானு. மேல கடைப் பேரு, போன் நம்பரு, நம்ம போட்டோ. கீழ அந்த வாசகம். வாசகம் சின்னதா இருக்குதேன்னு பள்ளிக்கூடத்து ஹெச்செம் அம்மா கேட்டுச்சு. ஏனுங்க, வேகமாப் போறவன் எழுத்து எம்புட்டுப் பெருசா இருந்தாலும் படிக்க மாட்டான். மெதுவாப் போறவன் படிக்கவே வேண்டியதில்ல. அப்பறம் எதுக்குங்க பெருசு?

ரெண்டு இரும்புத் தடுப்பும் செஞ்சு குடுத்தேன், உருட்டற மாதிரி சக்கரம் வெச்சு. அதுலயும் கடைப் பேரு. நடு ரோட்டுல நிறுத்துனா வண்டி வேகம் கொறையும்னு அந்தம்மா சொல்லுச்சு. நானு கடைக்கு முன்னாடியே நிறுத்திக்கிட்டேன். இல்லாட்டி கண்டவனும் அங்க வண்டிய உட்டுப்போட்டு டீக்குடிக்கப் போயிருவான், நம்ம லோடு வண்டி எங்க நிக்கறது?

ஹெச்செம் அம்மா பேரு சகாயமேரி. நல்ல அம்மாதான், இல்லீங்கல. வந்த வருசமே பெத்தவங்களக் கூப்புட்டு மீட்டிங் போட்டுச்சு. கடைக்காரங்களையும் கூப்புட்டுச்சு. என்னைய மொத வரிசையில உக்கார வெச்சாங்க. பள்ளிக்கூட கேட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், ரோட்டு ஓரத்துல நாலு அடி. அந்த நாலு அடியில ஒரு சாமானும் இருக்கக்கூடாது. புள்ளைங்க ஒத்தை வரிசையில நடந்து போவும், சைக்கிள் புள்ளைங்க ஒண்ணு பின்னால ஒண்ணாப் போவும், முன்னால ஒரு பெரிய புள்ள பச்சைக் கொடி புடிச்சுட்டுப் போவும். இதான் திட்டம். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேனுங்க.

செல்போன் கடைக்காரன் போர்டத் தூக்கி உள்ள வெச்சான். எளநிக்காரன் வண்டிய அக்கட்டத் தள்ளிக்கிட்டான். கறிக்கடைக்காரன் கூட தகரத்தை ரெண்டு அடி வெட்டிட்டான். அவங்களுக்கு என்னங்க, தூக்குனா வர்ற சாமானு. நம்முளது ஜல்லி. மூணு லோடு ஜல்லி, ஒரு லோடு மணலு. தூக்கி இடுப்புல சொருகிக்கறதா?

அந்தம்மா டேப்பும் கையுமா கடைக்கே வந்துருச்சு. "சார், நாலு அடி மட்டும் குடுங்க. மத்த எடத்துலெல்லாம் ஓரமா வர்ற பிள்ளைங்க உங்க கடைகிட்ட வந்ததும் ரோட்டுக்குள்ள எறங்கிப் போறாங்க. மறுபடியும் ஓரத்துக்கு வர்றதுக்குள்ள பின்னாடி பஸ் வந்துருது சார்"ங்குது. "எடம் நெடுஞ்சாலைக்குச் சொந்தம் சார்"ங்குது. எனக்குத் தெரியாதுங்களா? தெரியாமலா இருவது வருசமா அங்க ஜல்லி கொட்டறேன்? ஜல்லி ரோட்டுல போறவன் கண்ணுல படோணுமுங்க. உள்ள கொண்டுபோய் ஒளிச்சு வெச்சா எவன் வாங்குவான்? "பாக்கலாம் டீச்சர், தை பொறக்கட்டும்"னு மரியாதையாத்தான் சொல்லி அனுப்புனேன்.

தை வந்துச்சு, போச்சு. அதுக்குள்ள கடை முன்னாடி சின்னச் சின்னதா ரெண்டு மூணு ஆயிப்போச்சு. ஏழாவது படிக்கற பையன ஒரு பைக்கு உரசிட்டுப் போயிட்டான், மொழங்கையில தோலு போச்சு. ஒரு புள்ள சைக்கிளோட மணல்ல சரிஞ்சு விழுந்துச்சு. எனக்கு மனசு கேக்கலீங்க. எல்லாம் நம்ம கடை முன்னாடியே நடக்குதே, என்னமோ இருக்குதுன்னு ஜோசியர்கிட்டப் போனேன். அவரு சோழியப் போட்டுப் பாத்துப்போட்டு, "மூணு ரோடு சேர்ற எடம், போறவன் வர்றவன் கண்ணு பூராவும் உங்க கடை மேல விழுகுது. அமாவாசை தவறாம பூசணிக்காய் சுத்தி ஒடைங்க"ன்னாரு. பாருங்க, ஹெச்செம் அம்மா இம்புட்டு நாளா ஜல்லி ஜல்லின்னு என்ற உசுர வாங்குச்சு. விசயம் எங்க இருக்குதுன்னு இவருக்குத்தானுங்க தெரிஞ்சுது.

எல்லாக் கடையிலயும் கடை சாத்தறப்ப ஒடைப்பாங்க. நான் அப்படிச் செய்யலீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் உடறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி. ஏன்? புள்ளைங்க ரோட்டுல கால் வெக்கறதுக்கு முன்னாடி திருஷ்டி கழிஞ்சுரோணுமில்லீங்க? எனக்கு மட்டும்னா எப்ப வேணா ஒடைச்சிருப்பேன். அந்தப் புள்ளைங்களுக்குனுதான் நேரம் பாத்தேன். இருக்கறதுலயே பெரிய காயாத்தான் வாங்குவேன், ஒரு ஆளு ரெண்டு கையில தூக்கோணும். கண்ணு பறிச்சு, குங்குமம் கொட்டி, மேல சூடம் ஏத்தி, கடைய மூணு சுத்து, பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பி ஒரு சுத்து. அப்பறம் மூணு ரோடும் சேர்ற எடத்துல ஓங்கிப் போடோணும். நல்லாச் செதறோணுமுங்க. செதறுனாத்தான் கழியும். அதை யாரும் கூட்டக்கூடாது, மிதிக்கக்கூடாது. மிதிச்சவங்களுக்குத்தான் அது போகும்னு சொல்லுவாங்க.

மொத அமாவாசையே அந்தம்மா ஓடி வந்துச்சு. "சார், பிள்ளைங்க சைக்கிள்ல வர்ற எடம். வழுக்கும். உங்க வாசல்லயே உடைச்சுக்கங்களேன்"னு. சர்ச்சுக்குப் போற அம்மா, அதுக்குத் திருஷ்டியப் பத்தி என்ன தெரியும்? சிரிச்சுக்கிட்டேன்.

ஒடைக்கறது நம்ம மாரப்பன். நம்மகிட்ட பதினாலு வருசமா லோடு ஏத்தி எறக்கறான். ரெண்டு சிமெண்டு மூட்டைய ஒரே தடவையில தோள்ல போட்டுட்டுப் போவான். வாய் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். "மாரப்பா"ன்னா "சொல்லுங்க மொதலாளி", அதோட சேரி. அவன் மக கோகிலவாணி அந்தப் பள்ளிக்கூடத்துலதான் பதினொண்ணாவது. பத்தாவதுல ஸ்கூல்லயே ரெண்டாவது மார்க்கு வாங்குன புள்ள. நான் கூட ஒரு பேனா குடுத்தேன். ஆவணி மாசம் கவர்மெண்டு சைக்கிள் குடுத்தாங்க. சைக்கிளு ஒசரம், புள்ள குட்டை. கால் நுனி பட்டும் படாம ஓட்டிட்டு வரும். ஆனா அதுதான் வரிசைக்கு முன்னால பச்சைக் கொடி புடிக்கற புள்ள. அந்தம்மா தேர்ந்தெடுத்துருக்குது.

அன்னைக்கு ஆவணி அமாவாசை. லேசாத் தூறல் வேற. மழைங்களேன்னு மாரப்பன் இழுத்தான். தூறலுக்கெல்லாம் பயந்தா முடியுமா, நேரம் தப்பக்கூடாதுடான்னேன். சுத்துனான், போட்டான். நல்லாச் செதறுச்சு. ஜல்லிக் குமி வரைக்கும் வந்துச்சுங்க துண்டு. அவன் கையக் கழுவிப்போட்டு உள்ள கம்பி எடுத்து வெக்கப் போயிட்டான். பெல் அடிச்சுது.

நான் கல்லாவுல உக்காந்துக்கிட்டுப் பாத்துட்டுத்தான் இருந்தேன். வரிசை அழகா வந்துச்சு. கறிக்கடை தாண்டுச்சு, செல்போன் கடை தாண்டுச்சு, நம்ம ஜல்லிகிட்ட வந்ததும் ரோட்டுக்கு எறங்குச்சு. முன்னால அந்தப் புள்ள. காயைப் பாத்துட்டு ஹேண்டில்பாரத் திருப்புச்சு. இக்கட்ட ஜல்லி, அக்கட்ட பஸ்ஸு. பின் சக்கரம் காய் மேல ஏறி, வழுக்கி, அம்புட்டுத்தானுங்க. பஸ்ஸோட பின் சக்கரம் எடது கால் மேல ஏறி எறங்கி நின்னுது. பின்னால வந்த பதினாறு சைக்கிளும் அப்படியே நின்னுருச்சு. ஒண்ணு மேல ஒண்ணு விழுகல. வரிசைன்னா வரிசைங்க.

சத்தம் கேட்டு மாரப்பன் கம்பிய உட்டுப்போட்டு வந்தான். வேற யாரோ புள்ளைன்னுதான் வந்திருப்பான். வந்து பாத்தான். தூக்கிட்டு ஓடுனான், ஆட்டோ வர்றதுக்குக் கூட நிக்கல.

நான் என்ன பண்ணுனேன்? மனசத் தேத்திக்கிட்டு, பையன்கள உட்டு ஹோஸ் பைப்பு போட்டு ரோட்டக் கழுவச் சொன்னேன். கடை முன்னாடி ரத்தம் கெடக்கக்கூடாதுல்லீங்க. பொழுது எறங்கற நேரம், அமாவாசை வேற. அந்தத் தண்ணியில பூசணிக்காயும் போயிருச்சு. போலீஸ்காரங்க வந்து எதுல வழுக்குச்சுன்னு கேட்டாங்க. மழை பேஞ்சு ஈரமா இருந்துச்சுங்கன்னு சொன்னேன். பொய்யில்லீங்களே, ஈரமாத்தான இருந்துச்சு?

இந்த மாரப்பன் என்ன பண்ணிப்போட்டான் தெரியுங்களா? ஆசுபத்திரியில போலீசு கேட்டப்ப, "மொதலாளி சொன்னாரு, நான்தானுங்க ஒடைச்சேன். நான் ஒடைச்ச காயிலதானுங்க என் புள்ள விழுந்துச்சு"ன்னு அழுதிருக்கறான். அழுகட்டும். பெத்தவன் அழுகத்தான் செய்வான். ஒடைச்சேன்னு சொல்றவன், மொதலாளி சொன்னாருங்கறதையும் சேத்துத்தான் சொல்லோணுமா? பதினாலு வருசம் சோறு போட்ட எடமுங்க. நான் ஓரமா ஒடைடான்னுதான் சொல்லியிருப்பேன். நடுவுல போட்டது அவன். நேக்காச் செய்யத் தெரியல, தூறல்ல நிக்கறதுக்குச் சோம்பல், போட்டுட்டு ஓடிட்டான்.

கால எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ.

நானும் மனுசன்தானுங்க, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அடுத்த அமாவாசைக்கு ரெண்டு பூசணிக்காய் வாங்குனேன். ஒண்ணு வழக்கமா ஒடைக்கறது. ஒண்ணு அந்தப் புள்ளைக்காக, தனியா. மாரப்பன் அன்னைக்குத்தான் மறுபடியும் வேலைக்கு வந்தான். கூப்புட்டு, "மாரப்பா, சாயங்காலம் கோகிலா பேரச் சொல்லி ஒண்ணு சுத்திப் போடுப்பா, எல்லாம் செரியாயிரும்"னு கையில குடுத்தேன். எவன் குடுப்பான் சொல்லுங்க?

வாங்குனான். என்னையப் பாத்தான். காய அப்படியே என்ற மேசை மேல வெச்சான். வெளிய போயி மம்புட்டியையும் சட்டியையும் எடுத்தான். ஜல்லிய வாரி வாரி உள்ள கொட்ட ஆரம்பிச்சுட்டான். எங்க கொட்டறான்? என்ற காரு நிக்கற எடத்துல. "டேய், டேய்"ங்கறேன், திரும்பிக்கூடப் பாக்கல. காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சவன் தண்ணி கூடக் குடிக்கல. மத்த லோடுமேன்களத் தடுக்கச் சொன்னேன். அவனுங்க போயி நின்னானுங்க, கொஞ்ச நேரம் பாத்தானுங்க, அப்பறம் அவனுங்களும் ஆளுக்கொரு சட்டி எடுத்துட்டானுங்க. என்ற சம்பளம் வாங்கற பசங்க, என்ற சட்டி! சாயங்காலம் பெல் அடிக்கறப்ப ரோட்டு ஓரத்துல ஒரு கல்லு இல்ல, ஒரு புடி மணலு இல்லீங்க. காருக்கு முன்னால ஆளுயரத்துக்கு ஜல்லி. கூட்டிப் பெருக்கி, மம்புட்டியக் கழுவி எடுத்த எடத்துல சாத்தி வெச்சுப்போட்டு, "வர்றேனுங்க"ன்னு ஒரு வார்த்தை. போயிட்டான். அப்பறம் வரவே இல்ல.

அந்தம்மா சும்மா இருக்குமா? விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுவாங்களே, அந்தச் சுண்ணாம்பு வண்டியக் கொண்டு வந்து கேட்டுல இருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஒரே கோடா இழுத்துப்போட்டுது. இப்ப புள்ளைங்க கடை முன்னாடி எறங்கறதே இல்ல. நேரா, ஓரமாப் போவுதுங்க. அதுல நான் மறுபடியும் ஜல்லி கொட்டுனா ஊரே சண்டைக்கு வருமாம். அதோட உட்டாங்களா? நான் வெச்ச போர்டக் கழட்டிப்போட்டு, புதுசா ஒண்ணு வெச்சுட்டாங்க. வெறும் வாசகம் மட்டும். இம்மாம் பெரிய எழுத்துல. என்ற பேரு இல்ல, போட்டோ இல்ல. கேட்டா, ஆண்டு விழா நோட்டீசுலயும் பேரு போட மாட்டாங்களாம்.

ஜல்லிய நான் காருக்கு முன்னால இருந்து எடுக்கலீங்க. எடுக்க எம்புட்டு நேரமாவும்? கலெக்டர் வந்து நேர்ல பாக்கட்டும், எனக்கு எம்புட்டுப் பெரிய அநியாயம் நடந்திருக்குதுன்னு. அதுக்குத்தான் உட்டு வெச்சிருக்கேன். அதுனாலதான் பஸ்ஸு.

மனுவப் பாக்கறீங்களா? டைப் அடிக்கறவன்கிட்டச் சொல்லி நல்லா அடிச்சிருக்கறேன். "பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக நீண்ட காலமாகப் பாடுபட்டு வரும் சமூக ஆர்வலராகிய நான்"னு ஆரம்பிக்குது. ஒண்ணு, என்ற போர்ட மறுபடியும் வெக்கோணும். ரெண்டு, கடை முன்னாடி இருக்கற அந்த நாலு அடி எனக்குத் திரும்ப வேணும். மூணு, மாரப்பன் மேல நடவடிக்கை. மூணாவது வேண்டாம்னு என்ற சம்சாரம் அழுதுச்சு. பொம்பளைங்களுக்கு என்னங்க தெரியும்?

வந்துருச்சுங்க, அடுத்தது நம்ம ஸ்டாப்பு. எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்போடறேன். அப்பன்தான் இப்படி, அந்தப் புள்ளைக்கு இருக்கற பண்பே பண்புங்க. அடிபட்ட நாலாம் நாளு ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன், ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு. நான்தான் போனேன், யாரும் வரச் சொல்லல. என்னையப் பாத்ததும் அந்தப் புள்ள கட்டில்ல எந்திரிச்சு உக்காரப் பாத்துச்சு. முடியல. படுத்துட்டே கையெடுத்துக் கும்புட்டுது. "ஐயா, உங்க திருஷ்டிக் காய நான் மிதிச்சுப்போட்டேனுங்கய்யா. வெலகித்தானுங்க போனேன், எடமில்லீங்க. உங்க கடைக்கு எதுவும் ஆயிராதுங்களே? மன்னிச்சுக்கங்கய்யா"ன்னு சொல்லுச்சு. மாரப்பன் செவுத்தோரமா நின்னுட்டுக் கேட்டுட்டுத்தான் இருந்தான்.

நான் கிட்டப் போயி அது தலையில கை வெச்சேன். "தெரியாமத்தான மிதிச்ச கண்ணு, அழுகாத, நான் மன்னிச்சுட்டேன்"னு சொல்லிப்போட்டு வந்தேன். வேற ஒருத்தனா இருந்தா சொல்லியிருப்பானாங்க? அந்த மனசு யாருக்குங்க வரும்?

அடடா, இத மனுவுல எழுதாம உட்டுப்போட்டேன் பாருங்க. உங்ககிட்ட பேனா இருக்குதுங்களா?